மடக்கு முடிந்த பின் மாறி எங்கே போகிறது?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்த மறுநாள் காலை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி விடைத்தாளுடன் கணினி ஆய்வக வாசலில் தயங்கி நின்றாள்.

"மிஸ், இந்த ரெண்டு மார்க் கேள்வி..."

"ஏம்மா, அது தப்புதானே?"

"நேத்து சாயங்காலம் லேப்ல ஓட்டிப் பார்த்தேன் மிஸ். நான் எழுதின மாதிரி அஞ்சுதான் வருது."

கேள்வி மூன்றே வரிகள் கொண்ட பைத்தான் நிரல். அதன் வெளியீட்டை எழுத வேண்டும். (இக்கட்டுரையில் கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். மாறியின் பெயரை மட்டும் தமிழிலேயே வைக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.)

ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 6):
    பிரிண்ட்(எண்)
பிரிண்ட்(எண்)

முதல் இரண்டு வரிகள் 1 முதல் 5 வரை அச்சிடும். மூன்றாவது வரி மடக்குக்கு வெளியே இருக்கிறது. அந்த மாணவி அதற்கு விடையாக மீண்டும் ஒரு 5 எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு, 'பிழைச் செய்தி வரும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

இருவரும் உட்கார்ந்து நிரலை இயக்கிப் பார்த்தோம். 5 வந்தது. பிழை நிரலில் இல்லை. திருத்திய என்னிடம் இருந்தது.

அன்றே எல்லா விடைத்தாள்களையும் திரும்ப வாங்கினேன். 5 என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் சேர்த்தேன். 'பிழைச் செய்தி' என்று எழுதி மதிப்பெண் பெற்றவர்களிடமிருந்து அதைப் பிடுங்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே அவர்கள் எழுதினார்கள்? தவறு என்னுடையது என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். பிறகுதான் இந்தத் தவறு எனக்கு ஏன் வந்தது என்று யோசித்தேன். நம் மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++ படிக்கிறார்கள். பன்னிரண்டில் பைத்தான் படிக்கிறார்கள். மடக்கும் மாறியும் இரண்டிலும் உண்டு. ஆனால் மடக்கு முடிந்ததும் மாறிக்கு என்ன ஆகும் என்பதில் இரண்டும் இரண்டு விதம். ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொன்றின் விதி என்று நான் எண்ணிவிட்டேன்.

வரையெல்லை என்றால் என்ன?

மாறி என்பது ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர். அந்தப் பெயர் நிரலின் எந்தப் பகுதியில் செல்லுபடியாகும் என்பதே வரையெல்லை.

நம் பள்ளியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு அ பிரிவில் "லீடர், சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்றால் ஒரு பிள்ளை எழுந்து வரும். ஏழாம் வகுப்பில் அதையே சொன்னால் வேறு பிள்ளை வரும். மைதானத்தின் நடுவில் நின்று சொன்னால் யாரை அழைக்கிறோம் என்பதே தெரியாது. 'லீடர்' என்ற பெயருக்கு எல்லை வகுப்பறைச் சுவர். 'தலைமை ஆசிரியர்' என்ற சொல் அப்படியல்ல; பள்ளியின் எந்த மூலையில் சொன்னாலும் ஒருவரையே குறிக்கும். முன்னது உள்ளமை வரையெல்லை, பின்னது முழுதளாவிய வரையெல்லை.

எனவே ஒரு மொழியைக் கற்பிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த மொழியில் சுவர் எது?

சி++ தருவது சிலேட்டு

சி++-இல் நெளிவு அடைப்புக்குறிகளே சுவர். ஓர் அடைப்புக்குறித் தொகுதிக்குள் அறிவிக்கப்பட்ட மாறி அந்தத் தொகுதியோடு முடிந்துவிடும். ஃபார் மடக்கின் தலைப்பிலேயே 'இன்ட் எண் = 1' என்று அறிவித்தால், அந்த 'எண்' மடக்குக்குள் மட்டுமே வாழும். மடக்குக்கு வெளியே அதை அச்சிடச் சொன்னால், அப்படி ஒரு பெயர் இந்த வரையெல்லையில் அறிவிக்கப்படவில்லை என்று நிரல்பெயர்ப்பி நிறுத்திவிடும். நிரல் இயங்கவே இயங்காது.

வகுப்புக்குள் நுழையும்போது ஒரு சிலேட்டைக் கொடுத்து, வெளியேறும்போது வாங்கி வைத்துக்கொள்வது போன்றது இது. வெளியே வந்த பிறகு "சிலேட்டில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்க வழியில்லை.

சி++-இலும் இந்த விதி தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. முன்பு, ஃபார் தலைப்பில் அறிவித்த மாறி மடக்குக்கு வெளியிலும் தெரியும். 1998-இல் வெளியான சி++ மொழியின் முதல் பன்னாட்டுத் தரம் அதை மடக்குக்குள் அடக்கியது. நான் கல்லூரியில் பயன்படுத்திய பழைய நிரல்பெயர்ப்பியில் ஒரே செயற்கூறுக்குள் இரண்டு ஃபார் மடக்குகளில் 'இன்ட் ஐ' என்று எழுதினால், ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட பெயர் என்று பிழை காட்டும். பழைய கணினி மையக் குறிப்பேட்டை வைத்துப் பாடம் நடத்துவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பைத்தான் தருவது கரும்பலகை

பைத்தானில் மடக்கு ஒரு சுவர் அல்ல. இஃப் கூற்றும் சுவர் அல்ல. உள்தள்ளி எழுதுகிறோம் என்பதால் அது தனி அறை போலத் தோன்றுகிறது. என்னை ஏமாற்றியதும் அந்தத் தோற்றமே. செயற்கூறுதான் பைத்தானில் சுவர். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் உள்ள எல்இஜிபி விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளமை, இணைக்கப்பட்ட, முழுதளாவிய, உள்ளிணைந்த என்று நான்கு அடுக்குகள். அவற்றில் மடக்குக்கென்று ஓர் அடுக்கு இருக்கிறதா? இல்லை. விடை பாடநூலிலேயே இருந்தும் நான் அந்தக் கோணத்தில் படிக்கவில்லை.

ஆக, பைத்தான் மடக்கு சிலேட்டில் எழுதுவதில்லை. வகுப்பின் கரும்பலகையில் எழுதுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதும். கடைசிச் சுற்று முடிந்ததும் யாரும் பலகையைத் துடைப்பதில்லை. அடுத்த பாடவேளைக்கு வருபவர் அங்கே 5 என்று இருப்பதைப் பார்க்கலாம்.

மடக்குக்குள் அதே பெயரில் இன்னொரு மடக்கு எழுதினாலும் இந்த வேறுபாடு தெரியும். சி++-இல் உள்மடக்கும் 'இன்ட் எண்' என்று அறிவித்தால் அது வேறு சிலேட்டு. உள்மடக்கு முடிந்ததும் வெளிமடக்கின் எண் பத்திரமாக இருக்கும். பைத்தானில் இரண்டுக்கும் ஒரே பலகை. வெளிமடக்கு எழுதிய எண்ணை உள்மடக்கு அழித்துவிடும். உள்மடக்குக்கு எப்போதும் வேறு பெயர் வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் ஃபார் எழுதிப் பட்டியல் உருவாக்கும் முறையில், பைத்தான் 3-இல் மாறி வெளியே வராது. பைத்தான் 2-இல் அதுவும் வெளியே வந்தது.

5-ஆ, 6-ஆ?

அதே கேள்விக்குச் சில மாணவர்கள் 6 என்று எழுதியிருந்தார்கள். அதுவும் காரணமில்லாமல் வந்த விடை அல்ல.

சி++-இல் மாறியை மடக்குக்கு வெளியே அறிவித்துவிட்டு, 1-இலிருந்து தொடங்கி 5-க்கு மிகாத வரை ஒவ்வொன்றாகக் கூட்டினால், மடக்கு முடியும்போது மாறியின் மதிப்பு 6. ஐந்தாம் சுற்று முடிந்ததும் மதிப்பு 6 ஆகிறது. 6 நிபந்தனைக்குள் வராததால் மடக்கு நிற்கிறது. நிற்கச் செய்த எண்ணே மாறியில் தங்குகிறது. பைத்தானில் 'வைல்' மடக்கை இப்படி எழுதினாலும் 6-தான்.

பைத்தானின் ஃபார் மடக்கு கூட்டிக்கொண்டே போவதில்லை. ரேஞ்ச்(1, 6) என்பது 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் நிற்கும் எண்களை ஒவ்வொன்றாகக் கையில் தருகிறது. 5-க்குப் பிறகு தர எதுவும் இல்லை. அதனால் கடைசியாகத் தரப்பட்ட 5 அப்படியே நிற்கிறது.

வரிசையில் ஒருவருமே இல்லையென்றால்? ரேஞ்ச்(1, 1) என்று கொடுத்துப் பாருங்கள். மடக்கு ஒரு முறைகூட இயங்காது. 'எண்' என்ற பெயரும் பிறக்காது. அதற்கு முன் அந்தப் பெயரை வேறெங்கும் பயன்படுத்தவில்லை என்றால், வெளியே உள்ள பிரிண்ட் இப்போது உண்மையிலேயே பிழைச் செய்தி தரும். நான் சிவப்பு மையில் எழுதிய விடை இந்தக் கேள்விக்குப் பொருந்தியிருக்கும்!

தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்ற மாணவன்

இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு விளக்கமா என்று தோன்றலாம். இதே விஷயம் அதற்கு முன்பே ஒரு முறை எனக்குப் பாடம் கற்பித்திருந்தது. அப்போது காரணம் முழுதாகப் புரியவில்லை.

பத்தாம் வகுப்புக் கணித மதிப்பெண்களை வைத்து, மாலை நேரச் சிறப்பு வகுப்புக்கு யார் யார் வர வேண்டும் என்று பட்டியல் எடுக்கச் சிறிய பைத்தான் நிரல் ஒன்று எழுதினேன். அதன் நடுப்பகுதி இப்படி இருந்தது:

ஃபார் பெயர், மதிப்பெண் இன் பட்டியல்:
    இஃப் மதிப்பெண் != "வரவில்லை":
        இஃப் மதிப்பெண் >= 35:
            முடிவு = "தேர்ச்சி"
        எல்ஸ்:
            முடிவு = "பயிற்சி தேவை"
    பிரிண்ட்(பெயர், முடிவு)

பார்க்கச் சரியாகவே இருக்கிறது. பிழைச் செய்தியும் வரவில்லை. பட்டியலை அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். ஏறக்குறைய பத்து நாள் கழித்துக் கணித ஆசிரியர் அந்தத் தாளுடன் வந்தார். "டீச்சர், இந்தப் பையன் பரீட்சைக்கே வரலையே. எப்படி தேர்ச்சின்னு போட்டிருக்கு?"

வருகைப் பதிவேட்டின் வரிசையில் அந்த மாணவனுக்கு முந்தைய பெயர் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியுடையது. அவளுக்கு 'முடிவு' என்ற மாறியில் "தேர்ச்சி" எழுதப்பட்டது. அடுத்த சுற்றில் இவன் வந்தான். தேர்வு எழுதாததால் முடிவை மாற்றி எழுதும் எந்த வரியும் இவனுக்காக இயங்கவில்லை. பலகையில் அவளுக்காக எழுதியது துடைக்கப்படாமல் இருந்தது. அதுவே இவன் பெயருக்கு நேரே அச்சாகிவிட்டது. யாருக்குச் சிறப்பு வகுப்பு மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளை பத்து நாள் மாலையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

வராத மாணவன் பட்டியலின் முதல் பெயராக இருந்திருந்தால் நிரல் உடனே பிழைச் செய்தியுடன் நின்றிருக்கும், நானும் கவனித்திருப்பேன். நடுவில் இருந்ததால் நிரல் சத்தமில்லாமல் தவறு செய்தது. சத்தம் போடும் பிழையைவிடச் சத்தம் போடாத பிழையே ஆபத்தானது.

சி++-இல் மடக்கின் அடைப்புக்குறிக்குள் 'ஸ்ட்ரிங் முடிவு' என்று அறிவித்து எழுதியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் புதிய, வெற்றுச் சிலேட்டு கிடைத்திருக்கும். அவன் பெயருக்கு நேரே ஒன்றும் இருந்திருக்காது. பைத்தானில் அந்தத் துடைக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். மடக்குக்குள் முதல் வரியாக ஒன்றைச் சேர்த்தால் போதும்:

    முடிவு = "தேர்வு எழுதவில்லை"

பூச்சியத்தை எங்கே எழுதுவது?

மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க மொத்த மதிப்பெண் கணக்கு நல்ல பயிற்சி. இரண்டு மாணவர்கள் மட்டும் போதும். முதலாமவர் பெற்றவை 80, 70, 90. இரண்டாமவர் பெற்றவை 60, 65, 75.

ஃபார் மாணவர் இன் வகுப்பு:
    மொத்தம் = 0
    ஃபார் மதிப்பெண் இன் மாணவர்:
        மொத்தம் = மொத்தம் + மதிப்பெண்
    பிரிண்ட்(மொத்தம்)

விடை 240, 200. இப்போது 'மொத்தம் = 0' என்ற ஒரு வரியை மட்டும் இடம் மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டு மடக்குகளுக்கும் மேலே வைத்தால் விடை 240, 440. முதலாமவரின் மதிப்பெண் இரண்டாமவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

உள்மடக்குக்குள் வைத்தால் விடை 90, 75. ஒவ்வொரு பாடத்துக்கும் பலகை துடைக்கப்படுவதால் கடைசிப் பாடம் மட்டுமே மிஞ்சுகிறது.

வரி ஒன்றுதான், வைக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று விடைகள். 'எத்தனை முறை துடைக்க வேண்டும்? ஒரு மாணவருக்கு ஒரு முறை. அப்படியானால் மாணவருக்கான மடக்குக்குள், பாடத்துக்கான மடக்குக்கு வெளியே' என்று மாணவர்களே சொல்லும் வரை காத்திருங்கள்.

பத்து நிமிடச் செயல்பாடு

கணினி இல்லாமலே இதைச் செய்யலாம். நடுநிலை வகுப்புகளுக்கும் பொருந்தும். தேவை கரும்பலகை, ஒரு சிலேட்டு, 1 முதல் 5 வரை எழுதிய ஐந்து அட்டைகள்.

முதல் சுற்று: பலகையின் ஓரத்தில் ஒரு பெட்டி வரைந்து, மேலே 'எண்' என்று எழுதுங்கள். ஐந்து பிள்ளைகள் அட்டையுடன் வரிசையில் வந்து, பெட்டியில் இருப்பதை அழித்துத் தம் எண்ணை எழுதட்டும். எல்லோரும் உட்கார்ந்த பின், "பெட்டியில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். விடை 5. இது பைத்தான்.

இரண்டாம் சுற்று: பலகையைத் துடைத்துவிடுங்கள். வகுப்புத் தலைவர் வரிசையின் முதல் பிள்ளையிடம் சிலேட்டைக் கொடுக்க, அது கை மாறிச் செல்லட்டும். கடைசிப் பிள்ளை எழுதியதும் தலைவர் சிலேட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிடட்டும். "எண் என்ன?" என்று கேளுங்கள். சொல்ல முடியாது, சிலேட்டே இல்லை. இது சி++.

மூன்றாம் சுற்று: பெட்டி வரையாமல், வரிசையில் யாரையும் நிறுத்தாமல், "எண் என்ன?" என்று கேளுங்கள். "எந்த எண் மிஸ்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பைத்தான் தரும் பிழைச் செய்தியும் அதையேதான் கேட்கிறது.

ஸ்கிராட்ச் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது உதவும். ஸ்கிராட்சில் மாறியின் மதிப்பு, நிரல் நின்ற பிறகும் அப்படியே இருக்கும். விளையாட்டை மறுபடி தொடங்கும்போது பழைய புள்ளிகளே தெரிகின்றன என்று பிள்ளைகள் கேட்டால், பச்சைக் கொடிக்குக் கீழே புள்ளியைப் பூச்சியமாக்கும் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவும் பலகையைத் துடைப்பதுதான்.

மொழியை உருவாக்கியவர்களும் திருத்திக்கொண்டார்கள்

மடக்கும் மாறியும் நம்மை மட்டும் குழப்புவதில்லை. இணையப் பக்கங்களில் பயன்படும் ஜாவாஸ்கிரிப்டில் 'வார்' என்று அறிவித்த மாறியும் மடக்குக்கு வெளியே வந்துவிடும். மடக்கு மூலம் 1 முதல் 5 வரை ஐந்து பொத்தான்கள் உருவாக்கி, 'அழுத்தினால் உன் எண்ணைச் சொல்' என்று எழுதினால், ஐந்து பொத்தான்களும் 6 என்றே சொல்லும். ஐந்தும் ஒரே பலகையைப் பார்க்கின்றன. அழுத்தும் நேரத்தில் அதில் இருப்பது 6. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக 2015-இல் 'லெட்' என்ற புதிய அறிவிப்பு முறை வந்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் தனிச் சிலேட்டு தருகிறது. கூகுள் நிறுவனத்தில் உருவான கோ மொழியும் 2024-இல் வெளியான 1.22 பதிப்பில், சுற்றுக்கு ஒரு புதிய மாறி என்று தன் விதியை மாற்றிக்கொண்டது.

ஒரு மொழியை உருவாக்கியவர்களே ஆண்டுகள் கழித்து விதியை மாற்றுகிறார்கள் என்றால், நாம் ஒரு விடைத்தாளைத் திருப்பி வாங்கித் திருத்துவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இப்போது என் வகுப்பில் மடக்குப் பாடம் வரும்போதெல்லாம் மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதிவிடுகிறேன். இந்தப் பெயர் எங்கே பிறந்தது? ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதைத் துடைப்பது யார்? மடக்கு முடிந்த பின்னும் அது இருக்கிறதா? மாணவர்கள் விடை சொன்ன பிறகு, சரி என்றோ தவறு என்றோ நான் சொல்வதில்லை. "போய் ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்கிறேன். வாசலில் தயங்கி நின்ற அந்த மாணவி எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.